பிள்ளைக்கு வெளிநாட்டில் வீடு வாங்கலாமா? சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்களிடம் ஒரு கூட்டம் வரும். "பையன் லண்டன் போறான் சார், மாசா மாசம் வாடகை கொடுக்கிற காசுக்கு ஒரு ஃப்ளாட்டே வாங்கிப் போட்டுடலாமே?" இன்னொரு கூட்டம் வருடம் முழுக்க வரும். சனி, ஞாயிறில் நட்சத்திர ஹோட்டலில் நடக்கும் துபாய் வீட்டுக் கண்காட்சிக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை காலை பளபளப்பான புத்தகத்தோடு வந்து உட்காருவார்கள். இரண்டு கூட்டமும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால், பணம் அனுப்புவதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருந்துகொண்டே வெளிநாட்டில் வீடு வாங்க முடியுமா? ரிசர்வ் வங்கியில் அனுமதி வாங்க வேண்டாமா?

வாங்க முடியும். தனி அனுமதி தேவையில்லை. நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் வங்கிக் கிளை, அதுவும் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளை. எல்.ஆர்.எஸ். என்று சொல்லப்படும் திட்டத்தின் கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ-2 படிவமும் கட்டாயம். கணக்கு ஆரம்பித்து ஒரு வருடம் ஆகாத வங்கியாக இருந்தால் பழைய வங்கியின் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு என்று கூடுதலாகக் கேட்பார்கள்.

இந்த வரம்பு கல்லில் செதுக்கியது அல்ல. 2004-ல் திட்டம் வந்தபோது 25,000 டாலர்தான். ரூபாய் சரிந்துகொண்டிருந்த 2013 ஆகஸ்ட்டில் வரம்பை 75,000-க்குக் குறைத்ததோடு, இந்தப் பணத்தில் வீடு வாங்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மறு வருடம்தான் கதவு திறந்தது. 2015-ல் 2,50,000 ஆனது. இப்போதைய சொத்து விதிகள் 2022 ஆகஸ்ட்டில் வந்தவை. 2013 கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துபாய் கேள்வி வரும்போது தேவைப்படும்.

வீட்டில் நாலு பேர். நாலு பேர் கணக்கையும் சேர்த்துப் பத்து லட்சம் டாலர் அனுப்பலாமா?

சேர்க்கலாம், ஆனால் பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த வீட்டுக்கு உரிமையாளராக இருக்க வேண்டும். அம்மாவின் வரம்பைப் பயன்படுத்திவிட்டுப் பத்திரத்தில் அப்பா பெயரை மட்டும் போடுவது செல்லாது. நண்பர், பங்காளி, அலுவலகத்தில் வேலை செய்யும் பையன் என்று ஆள் பிடித்து அவர்கள் பான் எண்ணில் அனுப்புவது சட்டமீறல். "எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க" என்று ஏஜென்ட் சொல்வார். நோட்டீஸ் வரும்போது ஏஜென்ட் பெயர் அதில் இருக்காது.

மனைவி கையில் பணம் இல்லை என்றால், கணவர் இங்கேயே ரூபாயாக அன்பளிப்புக் கொடுத்து, மனைவி தன் கணக்கிலிருந்து அனுப்பலாம். அந்தப் பங்கில் வரும் வாடகை கணவரின் வருமானத்தில்தான் சேரும், அது வேறு விஷயம்.

பையனுக்குப் பதினைந்து வயசு. அவன் பேரிலேயே வாங்கிவிட்டால் பின்னால் எழுதிக் கொடுக்கிற வேலை மிச்சம் இல்லையா?

மிச்சம் இல்லை. வேலை கூடும். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. தாம்பரத்தில் ஒரு மனை வாங்கும்போது "மைனர் இன்னாருக்காகத் தகப்பனார் கார்டியன்" என்று போட்டுப் பதிவு செய்துவிடுகிறோம். அதே மாதிரி எல்லா ஊரிலும் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எல்.ஆர்.எஸ். மைனருக்கும் உண்டு. படிவத்தில் இயற்கைக் காப்பாளர், அதாவது அப்பா அல்லது அம்மா, கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் வீடு எந்த மண்ணில் இருக்கிறதோ, உரிமை விஷயத்தில் அந்த மண்ணின் சட்டம்தான் பேசும். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் வீட்டின் சட்டபூர்வ உரிமையாளராகப் பதிவாக முடியாது. பெரியவர் ஒருவர் டிரஸ்டியாக இருந்து பிள்ளைக்காக வைத்திருக்கலாம், அவ்வளவுதான். டிரஸ்ட் என்று வந்துவிட்டால் வக்கீல் செலவு, தனிக் கணக்கு என்று வால் நீளும். மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது நமக்கும் பழைய சங்கதிதான். கல்கத்தாவிலிருந்து போன வழக்கொன்றில், வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-லேயே சொன்னது.

சரி, வரி? மைனரின் வாடகை வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பழைய வரி முறையில் இருந்தால் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,500 ரூபாய் விலக்கு உண்டு. அந்த 1,500-ஐப் பல வருடமாக யாரும் தொடவே இல்லை. இங்கிலாந்தின் பத்திர வரியிலும் இதே கதை: மைனருக்காக வாங்கினால் பெற்றோரே வாங்கியதாக வைத்துத்தான், வேறு வீடு இருப்பவர் கட்டும் கூடுதல் வரியைப் பார்ப்பார்கள்.

ஆகவே என் பதில்: மைனர் பேரில் வேண்டாம். மூன்று வருடம் பொறுங்கள். பதினெட்டு ஆகி, அவன் படிக்க வெளிநாடு போய்விட்டால் வழி தானாக எளிதாகிறது. எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மகளுக்கு 19 வயசு, இங்கிலாந்தில் படிக்கிறாள். எங்கள் பேரில் வாங்குவதா, அவள் பேரிலா, மூவர் பேரிலுமா?

எங்களிடம் வரும் கேள்விகளிலேயே காசு அதிகம் புரளும் கேள்வி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். படிக்கப் போன மாணவர்கள் இந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவர்கள். ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. அப்படியானால் எல்.ஆர்.எஸ்.-இல் "வெளிநாட்டில் சொத்து வாங்க" என்று நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை. மகளுக்கு "அன்பளிப்பு" என்று அனுப்பலாம். அப்பா 2,50,000, அம்மா 2,50,000, ஆக ஒரு நிதியாண்டில் ஐந்து லட்சம் டாலர். வீட்டை அவள் தன் பணத்தில் வாங்குகிறாள். சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது.

அடுத்தது அங்கே கட்டும் பத்திர வரி. 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அடுத்து 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். உலகத்தில் எங்காவது வேறு வீடு இருந்தால் முழு விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம். அந்த ஊரில் வசிக்காதவர் வாங்கினால் இன்னும் ஒரு 2 சதவீதம்.

மூன்று லட்சம் பவுண்டு ஃப்ளாட் என்று வையுங்கள். உங்கள் பெயரும் இருந்தால், அண்ணா நகரில் நீங்கள் குடியிருக்கும் வீடு "வேறு வீடு" ஆகிவிடும். அடிப்படை வரி 5,000, கூடுதல் 15,000, வெளிநாட்டவர் வரி 6,000. மொத்தம் 26,000 பவுண்டு. மகள் பெயரில் மட்டும் வாங்கி, அவளே அதில் குடியிருந்து, அதற்கு முன் உலகில் எங்கும் வீடு சொந்தமாக இல்லாதவள் என்றால், முதல் வீடு வாங்குபவருக்கான சலுகையில் மூன்று லட்சம் வரை வரியே இல்லை. வாங்குவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 183 நாளாவது அந்த நாட்டில் தங்கியிருந்தால் அந்த 2 சதவீதமும் இல்லை. செப்டம்பரில் விமானம் ஏறியவள் டிசம்பரில் வாங்கினால் 6,000 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். வாங்கிய பிறகு நாள் கணக்கு நிறைந்தால் திரும்பக் கேட்கலாம், ஆனால் பொறுத்து வாங்குவது லேசு.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். தாத்தா ஆசையாக நங்கநல்லூர் வீட்டில் கால் பங்கைப் பேத்திக்கு செட்டில்மென்ட் எழுதி வைத்திருப்பார். அவளுக்கே அது ஞாபகம் இருக்காது. ஆனால் அந்தக் கால் பங்கு ஒருமுறை அவள் பெயருக்கு வந்துவிட்டாலே அவள் "முதல் வீடு வாங்குபவர்" அல்ல. வக்கீல் படிவத்தில் கேட்கும்போது "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே உள்ள வக்கீல் துருவித் துருவிக் கேட்பார். உங்கள் வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், "இது திரும்பக் கேட்காத அன்பளிப்பு, வீட்டில் எங்களுக்கு உரிமை இல்லை" என்ற கடிதம், எல்லாம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் வாசகத்தை நிஜமாகவே ஒத்துக்கொள்ள மனசு வருமா என்று பாருங்கள். வீடு அவளுடையது. நாளைக்கு அவள் விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போனாலும், திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தாலும், நீங்கள் கேட்க முடியாது. "பேருக்குத்தான் அவள், நிஜத்தில் நாங்கள்" என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் இந்த வழியில் போகாதீர்கள். நம் வருமான வரிச் சட்டத்தில், பணம் கொடுத்தவரையே பயனாளி உரிமையாளராகப் பார்க்கும் விதி வெளிநாட்டுச் சொத்துக்கு இருக்கிறது. அன்பளிப்பு என்றால் அது முழு அன்பளிப்பாக, எழுத்தில், இருக்கட்டும்.

ஒரு வருட மாஸ்டர்ஸ்தான். அதற்கு வீடு வாங்கலாமா?

வேண்டாம். வாங்கி முடிக்கவே மூன்று, நாலு மாதம் ஓடிவிடும். படிப்பு முடிந்த பிறகு தங்கும் விசா அங்கே இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். ஐந்து வருட மருத்துவம் என்றால் பேசலாம்.

பணம் அனுப்பும்போது வங்கி இருபது சதவீதம் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்களே?

அது டி.சி.எஸ்., பணம் போகும்போதே வங்கி வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு, சொத்துக்கோ அன்பளிப்புக்கோ அனுப்பினால், 20 சதவீதம். ஒரு கோடி அனுப்பினால் 90 லட்சத்துக்கு 18 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன்னால் ஏழு லட்சம் என்று இருந்தது, இப்போது பத்து.

போன பணம் இல்லை இது. உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் ரீஃபண்ட் வரும். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் சொல்லி மாதச் சம்பளப் பிடித்தத்திலேயே சரிக்கட்டலாம். மைனர் பெயரில் பிடித்தது என்றால், அவன் வருமானம் எந்தப் பெற்றோர் கணக்கில் சேருகிறதோ அவர் 2025 முதல் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் பல மாதம் பணம் முடங்கும். வீட்டு விலையைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த 18 லட்சத்தை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கணவன், மனைவி இருவரும் பிரித்து அனுப்பினால் ஆளுக்குப் பத்து லட்சம் விலக்கு கிடைக்கும்.

ஒரு யோசனை: மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி. நிதியாண்டு மாறுவதால் 2,50,000 டாலர் வரம்பும் பத்து லட்ச விலக்கும் இரண்டு முறை கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம். அனுப்பிய பணத்தைப் பயன்படுத்தாமல் 180 நாளுக்கு மேல் அங்கே சும்மா வைத்திருக்கக் கூடாது, திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

வேளச்சேரி ஃப்ளாட்டை அடமானம் வைத்து அந்தப் பணத்தை அனுப்பலாமா?

கூடாது. எல்.ஆர்.எஸ்.-இல் மூலதனச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கிகள் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் வீடு வாங்குவது மூலதனச் செலவு. படிப்புக் கடன் வேறு, அது கிடைக்கும். இங்கே வசித்துக்கொண்டு அந்த ஊர் வங்கியில் வீட்டுக் கடன் எடுப்பதும் ஃபெமாவில் எளிதாக நடக்கிற காரியம் இல்லை. அங்கே வேலையில் இருக்கும் பிள்ளை தன் சம்பளத்தைக் காட்டி அங்கே கடன் வாங்கினால் அதில் இந்தியச் சட்டம் தலையிடாது.

ஒரு மனையை விற்று வாங்கினால் மூலதன ஆதாய வரியில் தப்பிக்கலாமா?

இப்போது முடியாது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, புது வீடு இந்தியாவில் இருந்தால்தான் விலக்கு என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் வெளிநாட்டு வீட்டுக்கும் விலக்கு கேட்டு வென்றவர்கள் உண்டு. இருபது வருடத்துக்கு முன் வாங்கிய சோழிங்கநல்லூர் மனையை விற்பவருக்கு இந்த வரியே பெரிய தொகை. அதைக் கட்டிவிட்டு மீதியைத்தான் அனுப்ப வேண்டும்.

எந்த நாட்டில் வாங்கலாம்?

நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அந்த நாடு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம், அதனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம். பதினைந்து லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள கான்டோவுக்கு, அதாவது தனியார் ஃப்ளாட்டுக்கு, ஒன்பது லட்சம் வெள்ளி அந்த வரி மட்டும். அரசு கட்டிய எச்.டி.பி. வீடு வெளிநாட்டவருக்குக் கிடையாது. பிள்ளை அங்கே நிரந்தரவாசி ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே கட்டி இருக்கும் வீடுகளை வெளிநாட்டவர் வாங்கத் தடை. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். புது வீடு என்றால் அரசு அனுமதி பெற்று வாங்கலாம். கனடாவில் 2023 ஜனவரியில் தொடங்கிய தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். மாணவர்களுக்கு ஒரு சிறு கதவு வைத்திருக்கிறார்கள்: ஐந்து வருடம் வரிக் கணக்கு, ஒவ்வொரு வருடமும் 244 நாள் அங்கே தங்கியிருத்தல், விலை ஐந்து லட்சம் கனடிய டாலருக்குள். ஐந்து வருடம் அங்கே படித்தவன் அதற்குள் நிரந்தரக் குடியுரிமைக்குத்தான் ஓடிக்கொண்டிருப்பான். நியூசிலாந்து 2018-லேயே பெரும்பாலும் மூடிவிட்டது. இலங்கையில் வெளிநாட்டவர் நிலம் வாங்க 2014-ல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள்.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்கின்றன. ஆனால் வயதான பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கினால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் வாரிசு வரி 1985-லேயே போய்விட்டதால் நமக்கு அந்த நினைப்பே வராது. இங்கிலாந்தில் இருக்கும் வீட்டுக்கு, உரிமையாளர் சென்னையில் இறந்தாலும், பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம் வாரிசு வரி உண்டு. அமெரிக்காவில் குடியுரிமையோ நிரந்தர இருப்பிடமோ இல்லாதவருக்கு விலக்கு வெறும் 60,000 டாலர், அதற்கு மேல் 40 சதவீதம் வரை போகும். பிள்ளை பெயரில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"வீடு வாங்கினால் விசா" என்று சொல்லி விற்பவர்களிடம் தேதி கேளுங்கள். போர்ச்சுகல் 2023-ல் வீட்டுக்கான கோல்டன் விசாவை நிறுத்தியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்தியது.

துபாய்? வீட்டு விலையில் மாதம் ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்கிறார்களே.

துபாயில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கக் குறித்த பகுதிகள் இருக்கின்றன. நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். அங்கே தனிநபர் வாடகைக்கு வருமான வரி இல்லை. திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் நாணயத்தில் ஏற்ற இறக்கம் டாலரைப் போலவே. இதெல்லாம் உண்மைதான்.

பத்து வருட கோல்டன் விசாவுக்கு இருபது லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வேண்டும். கணக்குப் போட்டால் 5,44,000 டாலருக்கு மேல். கணவன், மனைவி இருவர் வரம்பையும் சேர்த்தாலும் ஒரே நிதியாண்டில் எட்டாது. கண்காட்சியில் இதைச் சொல்கிறவர் அபூர்வம்.

தவணைத் திட்டத்தில் எனக்கு இரண்டு பயம். ஒன்று, கட்டாத மீதித் தொகை வெளிநாட்டில் நீங்கள் பட்ட கடன் மாதிரி ஆகிவிடுகிறதா என்ற கேள்வி ஃபெமாவில் எழுகிறது. கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் எழுத்துமூலமான கருத்து வாங்குங்கள். இரண்டாவது, 2013. அந்த ஆகஸ்ட்டில் யாராவது ஐந்து வருடத் தவணையில் பாதி வழியில் இருந்திருந்தால், அடுத்த தவணையை அனுப்ப முடியுமா என்று ஒரே நாளில் தவித்துப் போயிருப்பார். கட்டுமானக் கம்பெனிக்கு அது காரணமே ஆகாது. தவணை தவறினால் கட்டியதில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டி முடித்த வீட்டை முழுப் பணம் கொடுத்து வாங்குங்கள். இல்லை, கட்டிக்கொண்டிருப்பதுதான் வேண்டும் என்றால், பணம் நிலத்துறையில் பதிவான எஸ்க்ரோ கணக்குக்குத்தான், அதாவது அந்தக் கட்டடத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்குக்குத்தான், போக வேண்டும். ஏஜென்ட் கணக்குக்கு ஒரு திர்ஹாம்கூட வேண்டாம்.

வாங்கியாயிற்று. இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டுமா?

வீடு உங்கள் பெயரிலோ, நீங்கள் கூட்டு உரிமையாளராகவோ இருந்தால் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய ஐ.டி.ஆர்.-1 படிவம் போதாது. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் உள்ள படிவம் வேண்டும். அதில் காலண்டர் வருடம் கேட்பார்கள், நிதியாண்டு இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் இந்தக் குழப்பத்தோடு யாராவது வருவார்கள்.

மறந்துவிட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் வருடத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல் இருபது லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். அசையாச் சொத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே "சின்ன ஸ்டுடியோதானே" என்பது எடுபடாது.

வாடகைக்கு விட்டால் இங்கேயும் வரி உண்டு. நம் சட்டப்படி 30 சதவீதம் கழித்து மீதிக்கு. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் உரிமையாளர் வெளிநாட்டில் வசித்தால் வாடகை ஏஜென்ட் 20 சதவீதம் பிடித்துத்தான் அனுப்புவார், முன்னனுமதி வாங்கினால் பிடிக்க மாட்டார்.

மகன் ஜெர்மனியில் சம்பாதித்து வீடு வாங்கியிருக்கிறான். சென்னைக்கே திரும்பி வந்தால் விற்றுவிட வேண்டுமா?

வேண்டாம். வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தை, திரும்பி வந்த பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா அனுமதிக்கிறது. வாடகை வாங்கலாம், பிற்பாடு விற்கலாம். வந்த சில வருடத்தில் வருமான வரியில் அவன் முழு உள்நாட்டுவாசி ஆகிவிடுவான். அந்த வருடத்திலிருந்து மேலே சொன்ன பட்டியலில் வீட்டைக் காட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா தன் வீட்டை என் பையனுக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். பையன் இங்கே காலேஜில் படிக்கிறான்.

சித்தப்பாவிடம் உயில் எழுதச் சொல்லுங்கள். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்து வாரிசாகப் பெறலாம் என்று 2022 விதியில் தெளிவாக இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகப் பெறுவது அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் வசிக்கும் இருவருக்குள் அன்பளிப்பு செல்லும். எச்.டி.பி. வீடாக இருந்தால் அந்த ஊர் விதியும் குறுக்கே நிற்கும்.

ரூபாய் சரிந்துகொண்டே போகிறதே, அதற்காகவே வாங்கினால் என்ன?

2011 நடுவில் ஒரு டாலர் 45 ரூபாய் பக்கம் இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. இதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு வீடு மட்டும்தான் வழி என்றில்லை. குழாய் ஒழுகினால் மயிலாப்பூரிலிருந்து ஆள் அனுப்ப முடியாத இடத்தில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வது டாலர் ஆசைக்குக் கொடுக்கும் பெரிய விலை. பவுண்டு டாலர் மாதிரியும் இல்லை. 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்ததும் ரூபாய்க்கு எதிராகவே சரிந்தது.

கண்காட்சியில் கிரெடிட் கார்டைத் தேய்த்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பரவாயில்லையா?

கிரெடிட் கார்டு பயணம், ஹோட்டல், கல்விக் கட்டணம் மாதிரியான நடப்புச் செலவுக்கானது. வெளிநாட்டு வீட்டுக்கு அதில் பணம் கட்டக் கூடாது. உடனே வீடு விற்கும் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தப் பணத்தை அதே கார்டுக்குத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அதற்குப் பிறகும் வீடு வேண்டும் என்றால் வங்கிக்குப் போய் ஏ-2 படிவம் நிரப்பி முறையாக அனுப்புங்கள். திருப்பித் தர மறுத்தால், மீறலை நீங்களே ஒத்துக்கொண்டு அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் வழி ஒன்று ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. கார்டு ஸ்லிப்பையும் கையெழுத்துப் போட்ட புக்கிங் படிவத்தையும் தொலைத்துவிடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.